கண் மூடிய தடியங்காய்

காலாண்டுப் பரீட்சை முடிந்த மறுநாள் காலை
மூன்று பேர் வந்து நின்றார்கள்.
ஆலங்குளம் விலக்கில்
பஞ்சர் கடைக்கும் இளநீர் வண்டிக்கும் நடுவில்
என் தார்ப்பாய்க் கடை.
ஆயுத பூசைக்கு ஆறு நாள் கிடந்தது.
நாற்பது தடியங்காய் இறக்கியிருந்தேன்.
வெறுங்காய் ஐம்பது, முகம் எழுதியது எண்பது.
எழுதுகிற நயினார்
பைக்கிலிருந்து விழுந்து கையில் மாவுக்கட்டு.

"நாங்க எழுதுதோம் அத்தை,
மூஞ்சிக்கு அஞ்சு ரூவா."
மூன்று என்றேன்.
மூன்றும் ஆளுக்கொரு ரசவடையும் என்று முடிந்தது.

கேட்டுக்கு அடித்து மிஞ்சிய சிவப்பு,
ஆட்டோக்காரர் தந்த மஞ்சள்,
அடியில் கட்டிப்போன அரை டப்பா கறுப்பு.
பூசினால் பெயின்ட் நிற்கவில்லை,
காயின் சாம்பலைச் சுருட்டிக்கொண்டு
தூரிகையோடு திரும்பி வந்தது.
உச்சிமாகாளி சட்டையைக் கழற்றி
காய் காயாகத் துடைத்தான்.
மத்தியானத்துக்குள் சுணை ஏறி
மூன்று பேரும் முழங்கை வரை சொறிந்தார்கள்.
வெள்ளை பெயின்ட் இல்லையே, பல்லுக்கு என்ன செய்ய?
பல் இருக்கும் இடத்தை மட்டும்
துடைக்காமல் விட்டார்கள்.
இத்தனை வருடம் நயினாருக்குத் தோன்றாதது.

உச்சிமாகாளி மீசைக்காரன்.
காதில் தொடங்கி மறு காதில் முடிப்பான்,
இடம் இருந்தால் பின்மண்டைக்கும் கொண்டுபோவான்.
செல்சியாவுக்கு ஒரு சந்தேகம்,
பேய் படம் போடலாமா என்று
பாஸ்டர் ஐயாவிடம் கேட்க வேண்டும்.
கேட்கவில்லை.
"நாக்கு மட்டும் போட்டா பேய் ஆவாது"
என்று தானே தீர்த்துக்கொண்டு
முப்பத்தொன்பது நாக்கு போட்டாள்.

நாற்பதாவது பிரம்மசக்தியிடம் இருந்தது.
இரண்டாம் வகுப்பு.
காலையிலிருந்து ஒரே காய்,
முதுகைக் காட்டி உட்கார்ந்து
யாரையும் அண்ட விடவில்லை.
சாயங்காலம் உருட்டிக்கொண்டு வந்தாள்.
கோரைப்பல் இல்லை, கொம்பு இல்லை.
சின்ன வாய்.
இரண்டு வளைந்த கோடு, அதில் இமைமயிர்.
"என்னட்டி இது, தூங்குது?"
"தூங்கல, கண்ண மூடிருக்கு.
ஊர்க்கண்ணு இத பாக்கும்,
இது திருப்பிப் பாக்காது.
பாக்காட்டா சண்ட வராதுல்லா?"

பதில் சொல்ல வாயெடுத்தேன்.
கத்தரிக்காய் நிறுக்கச் சொல்லி ஒருவர் வந்துவிட்டார்.

மீசைகள் இரண்டு நாளில் தீர்ந்தன.
அரிசி ஆலை ஐந்து எடுத்தது,
புதுவீட்டுக்காரர் நாலு மூலைக்கு நாலு.
லேத் பட்டறை முதலாளி கடைசியாக வந்தார்.
மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.
தூக்கிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார்.
"தூங்குத சாமானத் தொங்கவிட்டா
யாவாரமும்லா தூங்கும்" என்று
வெறும் எலுமிச்சை வாங்கிப் போனார்.

பிரம்மசக்தி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.
ரசவடையை இரண்டாகப் பிய்த்து
இரண்டையும் தின்னாமல் வைத்திருந்தாள்.
நான் உறி கட்டி
என் தார்ப்பாய்க் கம்பிலேயே தொங்கவிட்டேன்.
எண்பது ரூபாய் எனக்கு நட்டம் என்று
சத்தமாகவும் சொன்னேன்.

ஐப்பசி பிறந்து மழை இறங்கிவிட்டது.
தக்காளி அழுகுகிறது, ஈ மொய்க்கிறது,
இது மட்டும் கெடாமல் இருக்கிறது.
பள்ளிக்கூடம் விட்டு வந்து தினமும் கேட்பாள்:
"மூடிருக்கா அத்தை?"
"மூடிருக்குட்டி."

போன வாரம் வரை அது உண்மை.
காய் உள்ளே வற்ற வற்ற
மேலே எனாமல் இழுத்துக்கொண்டு
இடது இமையில் ஒரு வெடிப்பு.
நகக்கண் அளவுதான்.
உள்ளே சாம்பல் வெள்ளை.

அந்தப் பக்கம் தெரியாதபடி
கயிற்றை முறுக்கி வைத்திருக்கிறேன்.
தென்காசி பஸ் ஒவ்வொன்றும்
காற்றை அடித்துப் போகையில்
முறுக்கு அவிழ்ந்து
மெல்லத் திரும்பி
என்னைப் பார்க்கிறது.